பிரம்பும் வாங்கும்

பாடசாலையில் தலைமை என்பது யாது? அதிபரின் நாற்காலியா, அவர் மேசைமேற் கிடக்கும் பிரம்பா, அன்றி இவற்றின் வேறானதொன்றா? ஆசிரியத் தொழிலிற் புகுந்த நாள்தொட்டு இவ்வினா என்னை விட்டகலவில்லை.

முதலாண்டில் என் வகுப்பு மாணவனொருவன் நாள்தோறும் பிந்தி வருவான். நான் காரணம் கேட்டதில்லை. வகுப்பு வாசலில் நிறுத்துவேன். சில நாட்களிற் பிரம்பும் எடுத்தேன். வகுப்பு அடங்கியது. அவ்வடக்கத்தை என் திறமைக்குச் சான்றென எண்ணிக்கொண்டேன். ஒருநாள் விடியற்காலை புகையிலைத் தோட்டமொன்றைக் கடந்து சென்றபோது, அவன் தன் தந்தையோடு தண்ணீர் மாறிக்கொண்டு நிற்கக் கண்டேன். தோட்டம் பிறருடையது, அவர்கள் கூலிக்கு நின்றவர்கள். சோம்பலென்று கருதி நான் தண்டித்தது அவனது வறுமையையே.

மறுநாள் வகுப்பின் முன்னிலையில், “தவறு என்னுடையது” என்றேன். மதிப்புக் குன்றிவிடும் என்று சக ஆசிரியர் சிலர் எச்சரித்தனர். நிகழ்ந்தது வேறு. அதுவரை வாய் திறவாத பிள்ளைகள் ஐயங்கள் கேட்கத் தலைப்பட்டனர். அவன் பிந்தி வருவது நிற்கவில்லை. ஆயினும் தவறவிட்ட பாடத்தை அருகிலிருந்தவன் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தான். அவ்வுறவை நான் கட்டளையிட்டு உண்டாக்கவில்லை. அதற்குத் தடையாயிருந்த என் அதிகாரம் சற்றே விலகியதும் அது தானே முளைத்தது.

ஒரு வகுப்பறையிற் கண்டதை நம் வரலாற்றிலும் காணலாம். யாழ்ப்பாணத்துப் பாடசாலைகள் பலவற்றில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் ஒருகாலத்தில் நிலத்திலே இருந்துதான் கற்றனர். 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில், அரசாங்க உதவி பெறும் பாடசாலைகளிற் சம ஆசனம் வேண்டுமெனப் பணிக்கப்பட்டபோது எதிர்ப்பு மூண்டது. பாடசாலைகள் சில தீக்கிரையாயின. 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. சட்டம் பிள்ளைக்கு வாங்கிலே இடம் பெற்றுத் தந்தது. ஆனால், அங்கிருந்த பிள்ளையை ஏனையோரைப் போற் பெயர் சொல்லி அழைத்து, அவன் வினாவுக்கு மதிப்பளித்து விடை கூறுவது ஆசிரியரின் கையிலேயே இருந்தது. 1924இல் மாணவர் காங்கிரஸாகத் தோன்றிப் பின் வாலிபர் காங்கிரஸாக வளர்ந்த இயக்கத்தில், தீண்டாமைக்கு எதிராக நின்றவர் ஹன்டி பேரின்பநாயகம். அவரே 1949 முதல் 1960 வரை கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராக விளங்கினார். மேடையில் வலியுறுத்திய சமத்துவத்தைப் பாடசாலையிற் பேணுவதே தலைமைக்குரிய சோதனை.

“சமுதாய அமைப்பு மாறாதவரை ஆசிரியரின் அன்பால் என்ன பயன்?” என நம் தோழர் சிலர் வினவுவர். வினா நியாயமானதே. நான் மன்னிப்புக் கேட்டதனால் அம்மாணவனின் குடும்பத்துக்கு ஒரு பரப்புக் காணியேனும் கிடைத்துவிடவில்லை. அவன் மறுநாளும் தோட்டத்துக்கே சென்றான். எனினும், பிரம்புக்கு அஞ்சி மௌனமாயிருக்கப் பழகிய பிள்ளை நாளை முதலாளியின் முன்னும் மௌனமாகவே நிற்பான். வகுப்பிலே ‘ஏன்?’ என்று கேட்டுப் பழகியவன் தோட்டத்திலும் அவ்வினாவை எழுப்பக்கூடும்.

அவ்வினா முதலில் நம்மை நோக்கியே எழலாம். அப்போது நம் கை பிரம்பைத் தேடுமா என்பதை ஆசிரிய நண்பர்கள் ஒவ்வொருவரும் தம்மையே கேட்டுக்கொள்ளல் வேண்டும்.