யாருடைய விழிப்பு?

உழைப்புக்கு, அதன் விளைவைத் தவிர, தனியாக ஒரு மதிப்பு உண்டா? கேள்வி பெரியது. இதற்கு நான் எடுத்துக்கொள்ளும் உதாரணம் மாட்டுக் கறி. சைவ வாசகர்கள் முகம் சுளிக்காமல் கொஞ்ச தூரம் என்னோடு வர வேண்டும். சாப்பிடச் சொல்லவில்லை, யோசிக்கத்தான் சொல்கிறேன்.

மாட்டின் நெஞ்சுக் கறிக்கு அமெரிக்காவில் பிரிஸ்கெட் என்று பெயர். மாட்டுக்குக் காறையெலும்பு கிடையாது. உடம்பின் பாரத்தில் பெரும்பகுதி முன்பக்கத்தில்தான் விழுகிறது. அந்த நெஞ்சுத் தசை உழைத்த தசை, ஆகையால் முரடு. அவசரமாக வேகவைத்தால் செருப்புத் தோலைக் கடிப்பது போலிருக்கும். ஒரு காலத்தில் அது மலிவாக விற்றதற்கும் இதுதான் காரணம். டெக்ஸஸ் மாநிலத்தில் வீட்டுக் கொல்லையிலேயே இதைப் பக்குவம் செய்கிறார்கள். உப்பையும் கொரகொரப்பாகப் பொடித்த மிளகையும் அழுந்தத் தேய்ப்பார்கள். பூண்டுப் பொடி, மிளகாய்ப் பொடி, துளி சர்க்கரை சேர்ப்பவர்களும் உண்டு. அந்த ஊர் வைதிகர்களுக்கு அது பிடிக்காது! பிறகு ஓக் விறகின் புகையில், பாரன்ஹீட் 225 முதல் 250 டிகிரிச் சூட்டில், 12 மணி நேரம்போல வைக்கிறார்கள்.

இதில் விசித்திரமான ஒரு கட்டம் உண்டு. கறியின் உட்சூடு 150, 160 டிகிரிக்கு வந்ததும் நின்றுவிடும். விறகு தீர்ந்துகொண்டேயிருக்கும், முள் மணிக்கணக்கில் நகராது. கறி வியர்க்கிறது. கசியும் ஈரம் ஆவியாகும்போது, வந்த சூட்டையெல்லாம் வாரிக்கொண்டு போய்விடுகிறது. நம் மண்பானையில் தண்ணீர் குளிர்கிறதே, அதே சங்கதிதான். பொறுமையற்றவன் நெருப்பைத் தூண்டிவிட்டுக் காரியத்தைக் கெடுத்துக்கொள்கிறான். காத்திருப்பவனுக்கு, தசையை இறுக்கிக் கட்டியிருந்த கொலாஜன் மெல்ல ஜெலட்டினாக இளகி, 200 டிகிரி சுமாருக்குக் கறி விரல் பட்டாலே பிய்கிறது.

ஆஸ்டின் நகரத்து நண்பர் ஒருவர், விடிய விடிய விறகு தள்ளுகிறவர், இதைத் தவம் என்கிறார். இப்போது மரத்தூளை அழுத்திச் செய்த சிறு கட்டிகளைத் தானே ஊட்டிக்கொண்டு, சூட்டையும் தானே காக்கும் மின்சார அடுப்பு வந்திருக்கிறது. அதை வாங்கியவர்கள்மீது நண்பருக்கு ஏளனம். எனக்கு இதில் சம்மதமில்லை. நிம்மதியாகத் தூங்கி எழுந்தவன் பரிமாறிய கறியும் மெத்தென்று இருக்குமானால், கண் எரிந்தவனுக்குத் தனிப் புண்ணியம் எதற்கு? கஷ்டப்பட்டதாலேயே ஒரு காரியம் உயர்ந்துவிடும் என்றால், தேரே இல்லாமல் வடத்தை மட்டும் இழுக்கிறவனும் பக்திமான்தான்.

ஆனால் கேள்வி அதோடு தீரவில்லை. விழிப்பு யாருடையது? அமெரிக்கத் தென் மாநிலங்களில், பண்ணை முதலாளிகளின் விருந்துக்குக் குழி வெட்டி, கட்டைகளைத் தணலாக்கி, இரவெல்லாம் இறைச்சியைத் திருப்பிப் போட்டவர்கள் கறுப்பு அடிமைகள். அவர்கள் கைத்திறனை ஊரே புகழ்ந்தது. அவர்களில் மிகப் பலருடைய பெயர் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. அதைத் தவம் என்று சொல்ல எனக்கு நாக் கூசுகிறது. ஒருவன் ஆசைப்பட்டு விழிக்கிறான். இன்னொருவன் சவுக்குக்குப் பயந்து விழிக்கிறான். கறிக்கு இந்த வித்தியாசம் தெரியாது. சாப்பிட உட்கார்ந்தவனுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

1865 ஜூன் 19ஆம் தேதி, டெக்ஸஸைச் சேர்ந்த கால்வெஸ்டன் நகரில் அடிமைகளின் விடுதலை அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டு முதல் அந்த நாளை அவர்கள் கொண்டாடத் தொடங்கினார்கள். அந்த நாளின் விருந்தில் முக்கியமான பண்டம் தணலில் வாட்டிய இறைச்சி. அதே குழி, அதே புகை. முந்தின இரவு யாராவது கண் விழித்துத்தான் இருப்பார்கள். விடிந்ததும் முதல் துண்டை அறுத்து, உப்புச் சரியாக இருக்கிறதா என்று அவர்களே வாயில் போட்டுப் பார்த்திருப்பார்கள்.