பாசியும் பசலையும்



சீவில்லிபுத்தூர் என்ற அளவிலே நம் நெஞ்சில் முதற்கண் எழுவது ஆண்டாள் திருக்கோயிலின் ஓங்கிய கோபுரம். அவ்வூர் மடவார்வளாகத்தில் வைத்தியநாதப் பெருமான் எழுந்தருளியிருத்தலை அயலூரார் பலர் அறியார். இரண்டு திருக்கோயிலையும் வழிபட்டுப் போந்த இராஜபாளையத்து அன்பர் ஒருவர் நம்மை வினவியதாவது: “அகப்பாட்டைச் சைவர் அவையிற் பேசுதல் தகுமோ? தகுமெனில், தலைவியை உயிரென்றும் தலைவனை இறைவனென்றும் மாற்றிப் பொருள் கொண்டன்றோ பேசுதல் வேண்டும்?”

தகும் என்பதே நமது விடை. மாற்றிப் பொருள் கோடல் வேண்டா என்பதும் நமது விடையே. ஒரு பெண்ணின் துயரத்தை உள்ளவாறு பாடிய புலவன் வாயில் அவன் கருதாத தத்துவத்தைத் திணித்தல் அவனுக்கும் முறையன்று, தத்துவத்திற்கும் பெருமையன்று.

குறுந்தொகை நானூறு பாட்டுக்களுள் 399-ஆவது பரணர் பாடியது. நான்கே அடி. வரைந்து கொள்ளாது காலம் நீட்டிக்கின்றான் தலைவன். தலைவி தோழியை நோக்கித் தன் மேனியிற் படர்ந்த பசலையைக் கூறுகின்றாள். ஊரார் நீருண்ணும் கேணித்துறையிலே திரண்ட பாசியை ஒக்கும் அது. அவன் தீண்டுமிடந்தோறும் விலகும். கை எடுக்குமிடந்தோறும் மீளப் பரவும். இவ்வளவே பாட்டு. 1915-இல் சௌரிப்பெருமாள் அரங்கனார் பதிப்பும், 1937-இல் மகாமகோபாத்தியாயர் உ. வே. சாமிநாதையரவர்கள் பதிப்பும் வெளிவந்ததனாலன்றோ இத்தகைய மணிகள் நம் கைக்கு எட்டின!

இப்பாட்டில் நிறத்தைக் கிளந்து கூறும் அடைமொழி ஒன்றேனும் உளதோ எனின், இல்லை. ஆயினும் படிப்பார் கண்ணெதிரே பசுமை விரிகின்றது. பாசி, பசலை, பசப்பு, பசுமை என்பன ஒரே வேரிற் கிளைத்த சொற்களாகலின், உவமை நிறத்தையும் உடன் ஏந்தி வந்தது. தளிரிற் பசுமை வளர்ச்சி. மேனியிற் பசுமை வாட்டம். (இவ்விடத்து, பசு, பாசம் என்னும் நம் சித்தாந்தச் சொற்களையும் இவ்வேரோடு பிணைத்து மகிழ்வாரைக் கண்டுளோம். அவை வடசொற்கள், பிறப்பு வேறு. ஒலி ஒத்தமை பற்றிப் பொருளும் ஒத்ததெனல் புலமையாகாது.)

திருவள்ளுவனாரும் பசப்புறு பருவரல் என ஓர் அதிகாரமே வகுத்தார். விளக்கு அவிதலை எதிர்பார்த்து நிற்கும் இருளைப் போலத் தழுவல் நெகிழ்தலை எதிர்பார்த்து நிற்கின்றது பசப்பு என்பது அவர் கண்ட காட்சி. பரணர் கண்டது பாசி. வள்ளுவர் கண்டது இருள். சைவ நூல் பயின்றார்க்கு இவ்விரண்டும் புதியன அல்ல. ஆணவத்தை இருளென வைத்து, இருண்மல நிலை என அதிகாரம் வகுத்தார் திருவருட்பயனில் உமாபதிசிவனார். பாசியை எடுத்தாண்டவர் அருணந்திசிவாசாரியார்.

சிவஞான சித்தியார் சுபக்கத்து எட்டாஞ் சூத்திரத்தின் இறுதியிலே அவ்வுவமை வருகின்றது. பாசி மூடிய குளத்திற் கல்லை எறிந்தால், எறிந்த அப்போது பாசி விலகித் தெள்ளிய நீர் தோன்றும். பின்னர் மீட்டும் பரவும். அவ்வாறே அரனடியை உணரும்போது மும்மலமும் அகலும். உணர்வு நெகிழ்ந்தால் மீள அணுகும். இவர் குறுந்தொகையை நோக்கி எழுதினார் என்று நாம் சாதிக்கப் புகவில்லை. குளத்துறையிற் குடம் முகந்த ஊரில் இக்காட்சி எவர்க்கும் பொது.

இவ்வுவமை நம்மை எங்கே சுடுகின்றது எனின், கூறுதும். சந்நிதியில் நிற்கின்றோம், கண்ணீர் பெருகுகின்றது, நெஞ்சு தெளிகின்றது. கொடிமரத்தைக் கடக்குமுன்னரே மனம் கடன் கணக்கில் வீழ்கின்றது. ‘சற்றுமுன் பெற்றது பொய்யோ? அருளும் மலத்திற்குத் தோற்குமோ?’ என்று கலங்காத சாதகர் உளரோ? இக்கலக்கத்தாலேயே வழிபாட்டைக் கைவிட்டாரையும் நாம் அறிவோம்.

அவர்க்கு ஆசிரியர் கூறாமற் கூறும் விடை உவமையிலேயே உளது. பாசி விலகியபோது தோன்றிய நீர் கல் படைத்த நீரன்று. முன்னரே அங்கு இருந்தது. மீள மூடியபோதும் அந்நீர் கெட்டொழிந்ததன்று. ஆதலின் சந்நிதியிற் கண்ட தெளிவு மெய்யே. ஆணவம் அநாதி, முத்தியினும் அதன் சத்தி மடங்குவதன்றி அது இல்பொருளாவதில்லை என்பது நம் துணிபு. அங்ஙனமாக, ஒரு கல்லெறியிற் பாசி முற்றும் போகவில்லையே என்று வருந்துதல் யாது பயன் தரும்?

ஆயினும் இரண்டு பாட்டும் ஓரிடத்திற் பிரிகின்றன. அதனை மறைத்தல் ஆகாது. பரணர் பாட்டிற் கையை எடுப்பவன் தலைவன். அவன் பிரிகின்றான், அவள் பசக்கின்றாள், பிழை அவளதன்று. சித்தாந்தத்திலோ இறைவன் உயிரை விட்டு நீங்கும் இடமும் இல்லை, காலமும் இல்லை. அத்துவிதமாய் உடன் நிற்கின்றான். விடுவது உயிரின் நினைவே. திருவடிக்கீழ் நீங்காத நினைவுடையோர் அங்கேயே நிலைப்பர் என்றும், ஆசையோடு அங்கும் இங்குமாய் அலமருவார்க்கே வழி கூற வேண்டியுளது என்றும் ஆசிரியர் பிரித்தோதுவர். அலமருவார் என்றது நம்மையே. நமக்காக எழுந்தது அடுத்த ஒன்பதாஞ் சூத்திரம்; அது காட்டும் மருந்து திருவைந்தெழுத்து.

ஆசை தீதோ எனின், எதன்மேற் சென்றது என்பதே வினா. சீவில்லிபுத்தூர் ஆண்டாளையே காண்க. நாச்சியார் திருமொழியின் ஒன்பதாந் திருமொழியிலே குயிலையும் மயிலையும் கருவிளையையும் களாக்கனியையும் காயாமலரையும் ஒருசேர வைகின்றாள். அவை செய்த பிழை யாது? சோலைமலைப் பெருமானுடைய கருநிறத்தைத் தாமும் பெற்றிருத்தல்! நம் சமயத்தவர் அல்லரெனினும் இவ்வன்பின் முறுகுதலை மதியாதார் யார்? பரணர் தலைவிக்கு நிறம் தன் மேனியில் ஏறிற்று; ஆண்டாளுக்கோ உலகின் மேனியில் ஏறிற்று. பளிங்கு சார்ந்ததன் வண்ணமாவது போல உயிரும் ஆகும் என்னும் நம் கொள்கைக்கு இவ்விருவரும் இரண்டு கரி.

நம் அப்பர் சுவாமிகள் திருவாரூர்த் திருத்தாண்டகத்திற் காட்டும் தலைவியோ இன்னும் ஒருபடி சென்றாள். முதலில் அவன் பெயரைக் கேட்கின்றாள். அடுத்து அவன் இருக்கும் வண்ணத்தைக் கேட்கின்றாள். பின் அவன் ஆரூரை. வண்ணம் என்றது தன்மையையும் குறிக்கும், நிறத்தையும் குறிக்கும். கேட்டவள் அவனுக்கே பித்தியாகின்றாள். அன்னையையும் அத்தனையும் அன்றே நீத்து, தன்னை மறந்து, தன் பெயரும் கெட்டு, தலைவன் தாளிலே சேர்கின்றாள். அவள் மேனியிற் பசலை படர்ந்ததாக அப்பதிகத்தில் அப்பாட்டு ஒரு சொல்லும் கூறிற்றில்லை.