தெரியாமல் வாங்கினால் குற்றம் இல்லையா?

பௌத்தத் துறவியின் பிச்சைப் பாத்திரத்தில் விழும் ஊனைப் பற்றி துறவொழுக்கத்தைச் சொல்லும் விநய நூல்களில் ஒரு விதி உண்டு. அந்த உயிரைத் தனக்காகக் கொன்றார்கள் என்பதை அவர் கண்டிருக்கக் கூடாது, கேட்டிருக்கக் கூடாது, ஐயுற்றிருக்கவும் கூடாது. மூன்றும் இல்லையென்றால் உண்பதில் குற்றமில்லை. சமணர்கள் இதை ஏற்கவில்லை. உண்பவன் இருப்பதால்தானே கொல்பவன் இருக்கிறான் என்று கேட்டார்கள். தமிழில் நீலகேசி என்ற சமணக் காப்பியம் இந்த வழக்கை எடுத்து வாதிடுகிறது. புலால் மறுத்தல் அதிகாரத்தில் வள்ளுவரும் வாங்குபவனையே பொறுப்பாக்குகிறார். கொன்றவன் ஓரிடத்தில், வாங்குபவன் வேறிடத்தில் இருக்கும்போது அறியாமை எதுவரை மன்னிக்கப்படும் என்ற அதே கேள்வி, இன்று கனிமங்களின் மூலத்தைக் கேட்கும் எக்செல் படிவங்களில் எழுகிறது.

காங்கோ ஜனநாயகக் குடியரசிலும் அதன் அண்டை நாடுகளிலும் ஆயுதக் குழுக்களுக்குப் பணம் போகும் வழியை அடைக்க, அமெரிக்காவின் 2010ஆம் ஆண்டு டாட்-ஃப்ராங்க் சட்டம் வெள்ளீயம், டாண்டலம், டங்ஸ்டன், தங்கம் ஆகிய நான்கின் மூலத்தையும் விசாரிக்கச் சொன்னது. அதற்காகத் தொழில்துறை உருவாக்கிய பொதுப் படிவம், வாங்குபவரிடமிருந்து விற்பவருக்குப் படிப்படியாக இறங்கி உருக்காலைவரை போகிறது. பல சுரங்கங்களின் தாது அங்கே ஒன்றாக உருகிவிடும். அதைத் தாண்டினால் எது எங்கிருந்து வந்தது என்று உலோகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. கோபால்ட்டும், நாம் காக்காப்பொன் என்று சொல்லும் மைக்காவும் 2021இல் இன்னொரு படிவத்தில் சேர்ந்தன. 2025இல் அதே படிவம் செம்பு, லித்தியம், நிக்கல், கிராஃபைட் ஆகியவற்றையும் கேட்கத் தொடங்கியது. முக்கியமான கேள்விகளில் ‘ஆம்’, ‘இல்லை’ இரண்டோடு ‘தெரியாது’ என்ற விடையும் இருக்கிறது.

நிரப்புபவர்களுக்குக் கனிமங்கள் இப்படிச் சேர்வது கூடுதல் வேலை. அறநோக்கில் அது அதைவிடப் பெரியது. பௌத்த விதியின் மூன்றாம் நிபந்தனையான ஐயம்தான் இங்கே முக்கியம். ஜார்க்கண்டின் கோடர்மா, கிரிடி மாவட்டங்களில் குழந்தைகள் மைக்காத் துண்டு பொறுக்குகிறார்கள் என்பது மைக்காவைப் பயன்படுத்தும் ஒரு பெயிண்ட் கம்பெனிக்கு முன்பு உண்மையிலேயே தெரியாமல் இருந்திருக்கலாம். மைக்கா என்ற பெயர் படிவத்தில் ஏறிய பிறகு, ஐயமே எழவில்லை என்று அந்தக் கம்பெனி சொல்ல முடியாது. ஐயம் வந்துவிட்டால் விசாரிப்பது கடமை. விசாரிக்காமல் எழுதும் ‘தெரியாது’ அறியாமை ஆகாது, அது ஒரு முடிவு. பௌத்த விதியை அதன் கடைசிச் சொல்வரை எடுத்துக்கொண்டால், சமணர் கேட்டதற்கு மிக அருகில் வந்துவிடுகிறோம். அதனால்தான், விசாரிக்காமல் வாங்குவதற்கு அந்த விதியைத் துணைக்கு அழைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

சங்கிலியில் ஐந்தாறு படி தள்ளி நிற்கும் சிறு பட்டறை எப்படி விசாரிக்கும் என்பது நியாயமான மறுப்பு. அமெரிக்கச் சட்டப்படி முதல் அறிக்கைகள் 2014இல் வந்தபோது, அறிக்கை தந்த நிறுவனங்களிலேயே சுமார் மூன்றில் இரண்டு பங்கு, கனிமம் எந்த நாட்டிலிருந்து வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாமல் நின்றன. ஆனால் பட்டறையிடம் யாரும் சுரங்கத்துக்குப் போய்வரச் சொல்லவில்லை. தனக்கு விற்றவரிடம் கேட்டால் போதும். கடமை அவரவர் கைக்கு எட்டும் தூரம்வரைதான். எட்டுகிற தூரத்திலும் நழுவ ஒரு வழி உண்டு. கேட்ட பொருளுக்கு மட்டும் பதில் தராமல், கம்பெனி முழுமைக்கும் என்று அறிவித்து, தொடர்புள்ளதும் இல்லாததுமாக நூற்றுக்கணக்கான உருக்காலைகளை அடுக்கிவிடலாம். படிவம் நிரம்பிவிடும், வாங்குபவருக்கு ஒன்றும் விளங்காது.

இதைவிடக் கனமான மறுப்பு காங்கோவிலிருந்தே வருகிறது. சட்டம் வந்ததும் பல நிறுவனங்கள் விசாரிக்கும் சிரமத்துக்குப் பதில் அந்தப் பகுதியையே தவிர்த்தன. கையால் தோண்டிப் பிழைத்தவர்கள் வருமானம் இழந்தார்கள். டாண்டலத்துக்குப் பேர்போன ரூபாயா சுரங்கப் பகுதி 2024இல் எம்23 கிளர்ச்சிக் குழுவின் கைக்குப் போனது. ஆக, படிவம் போரை நிறுத்தவும் இல்லை. இரண்டும் உண்மை. ஆனால் ஏழைகள் வருமானம் இழந்தது விசாரித்ததால் அல்ல, விசாரிக்காமல் விலகியதால். பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பான ஓஈசிடியின் வழிகாட்டுதலும் ஆபத்தைக் கண்டவுடன் ஓடச் சொல்லவில்லை. கடுமையான கொடுமைகள் நடக்கும் இடத்தில் விலகவும், மற்ற இடங்களில் வணிகத்தைத் தொடர்ந்தபடியே திருத்தவும் சொல்கிறது.

படிவம் நிரப்பும் மேசையில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். ‘தெரியாது’ என்று தேர்ந்தெடுக்க நேர்ந்தால், அருகில் குறிப்பு எழுத இருக்கும் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். யாரிடம் கேட்டீர்கள், எப்போது கேட்டீர்கள், என்ன பதில் வந்தது என்று எழுதுங்கள்.