படுத்தியவனின் சின்ன வயசு

நம்ம புள்ள ஒருத்தன் காலேஜுக்குப் போய்க் கடைசி பெஞ்சில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் உடனே அவனுக்கு ஒரு பேர் வெச்சிடுறாங்க: தாழ்வு மனப்பான்மை. சுயமுன்னேற்றப் புத்தகம் எழுதுகிறவர் முதல் மனநல ஆலோசகர் வரை எல்லாரும் அவனைத் திருத்தக் கிளம்புகிறார்கள். நிமிர்ந்து நில்லு, கண்ணைப் பார்த்துப் பேசு. சரி. அறுபது வயசுக் கிழவரை 'டேய்' என்று கூப்பிட ஐந்து வயசிலேயே பழகிய இன்னொரு பிள்ளை இருக்கிறானே, அவனுக்கு என்ன பேர்? அவன் 'நல்லபடியாக' வளர்ந்தவன். அவனைத் திருத்த யாரும் வருவதில்லை.

சின்ன வயசில் பட்டதுதான் ஆளை உருவாக்குகிறது என்று சொல்கிற உளவியல் பட்டவனை மட்டுமே பார்க்கிறது. படுத்தியவனுக்கும் ஒரு சின்ன வயசு உண்டு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நம் மாணவன் ஒருவனை வீடு புகுந்து வெட்டியவர்கள் அவனோடு பள்ளிக்கூடத்தில் படித்த பையன்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். அதன்பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, சாதியைக் காட்டும் கைக்கயிறுகளைப் பள்ளியில் தடை செய்யச் சொல்லி 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிற்றை வாசலில் கழற்றி வைக்கச் சொல்லலாம். அதைக் கட்டிவிட்ட வீட்டுக்குள் எந்தக் குழு போகும்?

'வளர்ந்த விதம் அப்படி, அவனைக் குற்றம் சொல்லி என்ன ஆகப்போவுது' என்று நம் நண்பர்களே சிலர் பேசுகிறார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. ஏன்னா, சின்ன வயசில் பார்த்ததற்கு அர்த்தம் அப்போதே முடிந்துவிடுவதில்லை. பாமாவின் 'கருக்கு' (1992) படித்தவர்களுக்குத் தெரியும். பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தை நூலில் தொங்கவிட்டுப் பிடித்துக்கொண்டு வருவதைப் பார்த்து அந்தச் சிறுமிக்குச் சிரிப்பு வருகிறது. அண்ணன் காரணம் சொன்ன பிறகுதான் கோபம் வருகிறது. பார்த்தது ஒன்றுதான், சொல்ல ஒருத்தர் இருந்ததில் அது வேறாகிவிட்டது.

அம்பேத்கர் 1901இல், சிறுவனாக, மசூர் ரயில் நிலையத்தில் இறங்கி, இன்ன சாதி என்று தெரிந்ததும் மாட்டுவண்டி கிடைக்காமல் நின்றார். கடைசியில் இரட்டைக் கூலி கொடுத்து, வண்டியையும் தாங்களே ஓட்ட வேண்டியிருந்தது. 1927 மார்ச் 20 அன்று மகாடு குளத்தில் அவரோடு தண்ணீர் அள்ளிக் குடித்தவர்களுக்கும் இதே மாதிரிச் சின்ன வயசுதான். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதால் அங்கே வந்தார்கள்.

இதை வைத்து 'அவமானம் நம்மை உரமாக்கியது' என்று மேடையில் முழங்குவதும் எனக்குப் பிடிக்காது. ரோகித் வெமுலா 2016 ஜனவரியில் எழுதிய கடைசிக் கடிதத்தில், சின்ன வயசுத் தனிமையிலிருந்து மீளவே முடியவில்லை என்றார். அவர் போராட்டக்காரர்தான். படிக்காதவருமில்லை.

ஐந்து வயசில் கேட்டதைத் திருப்பிச் சொல்லும் பிள்ளையை நான் குற்றவாளி என்று சொல்லவில்லை. இருபது வயசில் பாடம் படித்து, சட்டம் தெரிந்து, நம்மோடு ஒரே விடுதியில் சாப்பிட்ட பிறகும் அதையே சொல்பவன், இப்போது அதைத் தானாகத் தேர்ந்தெடுக்கிறான். நம் தெருவுக்கு வந்து நம்பிக்கை ஊட்டும் முற்போக்குத் தோழர்கள், தங்கள் வீட்டுப் பிள்ளை சாக்கடை அள்ள வருகிறவரை எப்படிக் கூப்பிடுகிறது என்று ஒருநாளாவது கவனித்தார்களா?