விசா இல்லாதவனின் பகிடி

'இங்கிலண்ட் பீப்பிள் வெரி நைஸ்' என்றொரு நாடகம் 2009 பெப்ரவரியில் லண்டன் நேஷனல் தியேட்டரில் மேடையேறியது. எங்களுடைய தமிழில் சொன்னால், 'இங்கிலாந்துச் சனம் வலு நல்லம்'. வந்திறங்கியவனின் உடைந்த ஆங்கிலம் தலைப்பிலேயே பகிடியாகிவிடுகிறது. எழுதியவர் ரிச்சர்ட் பீன். ஒரு காலத்தில் மேடையில் தனியே நின்று பகிடி சொன்னவர். நெறியாள்கை நிக்கலஸ் ஹைட்னர்.

கதை கிழக்கு லண்டனில் நடக்கிறது. மதத்துக்காகப் பிரான்சிலிருந்து விரட்டப்பட்ட ஹியூகனோக்கள், பிறகு ஐரிஷ்காரர், பிறகு யூதர், கடைசியாக வங்காளதேசத்தவர் என்று நான்கு அலைகளாகச் சனம் வந்து சேர்கிறது. ஒவ்வொரு முறையும் மதுச்சாலைப் பெண் வந்தவர்களைத் தூசணத்தால் ஏசுகிறாள். ஒவ்வொரு முறையும் முதல் வந்தவன் பிந்தி வந்தவனைக் கண்டு மூக்கைப் பொத்துகிறான். ஒவ்வொரு முறையும் ஒரு பெடியனும் ஒரு பெட்டையும் வேலி தாண்டிக் காதலிக்கிறார்கள். நூற்றாண்டு மாறுகிறது, உடுப்பு மாறுகிறது, காதலர்களாக வரும் நடிகர்கள் மட்டும் மாறுவதில்லை. சபை விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன்.

சிரிக்காதவர்களும் இருந்தார்கள். கிழக்கு லண்டனைச் சேர்ந்த சிலர் இது இனவாதம் என்று எதிர்த்தார்கள். ஆசிரியர் பேசிய ஒரு கூட்டத்தில் இருவர் மேடையிலேயே ஏறிவிட்டார்கள். எல்லாரையும் ஒரே அளவாகத்தானே நக்கலடிக்கிறோம் என்பது இப்படியான நாடகங்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் நியாயம். ஒரே அளவு என்றால் நீதி ஆகிவிடுமா? அகதியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே 1685க்குப் பிறகு ஹியூகனோக்களோடு இந்த மொழிக்குள் வந்த சொல். சொல் எங்களுக்கு மிஞ்சியது, அவர்களோ ஆங்கிலேயராகிவிட்டார்கள். அவர்களை நக்கலடித்தால் இன்று யாருக்கு நோகும்? அல்தாப் அலி என்ற தையல் தொழிலாளி 1978 மே 4ஆம் திகதி வேலை முடிந்து போகும்போது வைட்சப்பலில் வெட்டிக் கொல்லப்பட்டார். அவரை நேரில் அறிந்தவர்கள் அந்தத் தெருக்களில் இன்னும் நடமாடக்கூடும். இரண்டுக்கும் ஒரே அளவு கோல் பிடிக்க என்னால் முடியவில்லை.

பிரிக் லேனில் ஒரு கட்டடம் இருக்கிறது. 1743இல் ஹியூகனோக்களின் தேவாலயமாகக் கட்டப்பட்டு, 1898இல் யூதர்களின் ஜெப ஆலயமாகி, 1976இல் பள்ளிவாசலானது. சுற்றுலாப் பயணிகளுக்கு அதைக் காட்டி, பாருங்கள், எல்லாம் கடைசியில் சரிவரும் என்பார்கள். நாடகமும் அதைத்தான் சொல்கிறது என்று நினைக்கிறேன். எனக்கு உறுத்துவது இங்கேதான். ஒரே கூத்துத் திரும்பத் திரும்ப ஆடப்படும்போது வெறுப்பும் மாரிமழைபோல் ஆகிவிடுகிறது. மழைக்கு யாரைக் குற்றம் சொல்வது? ஆனால் கிழக்கு ஐரோப்பிய யூதர்களைத் தடுக்க 1905இல் வந்த அந்நியர் சட்டம் வானத்திலிருந்து விழவில்லை. பெயரும் தொகுதியும் உள்ள மனிதர்கள் கையுயர்த்தி நிறைவேற்றியது அது.

நாடகத்துக்கு வெளிச்சட்டம் ஒன்றும் உண்டு. இந்தக் கதையை ஆடுகிறவர்கள் ஒரு தடுப்பு நிலையத்தில் தங்கள் முடிவுக்காகக் காத்திருக்கும் அகதிகள். கெட்டித்தனமான ஏற்பாடு. பகிடி விடுவது அகதிதானே, நீங்கள் ஏன் கோபிக்கிறீர்கள் என்று கேட்கலாம். ஆனால் அந்த அகதியின் வாயில் இருப்பது அகதியல்லாத ஒருவர் எழுதிக் கொடுத்த வசனம்.

காற்சட்டை கழன்று விழுவது ஆங்கிலக் கேலி நாடகத்தின் ஆகப் பழைய பகிடி. வைற்ஹோல் தியேட்டரில் பிரையன் றிக்ஸ் அதை வைத்தே வருடக்கணக்காக அரங்கை நிறைத்தார். 1987 பெப்ரவரியில் ஹீத்ரோ விமான நிலையத்தில் திருப்பியனுப்பப்படவிருந்த எங்கள் பெடியள் உடுப்பைக் களைந்து உள்ளாடையோடு நின்றார்கள். அந்தப் படம் நாடெங்கும் போனது. திரை விழுந்தபின் றிக்ஸ் காற்சட்டையைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். அவர்களுடைய திரையை விழுத்த நீதிமன்றத் தடையுத்தரவு தேவைப்பட்டது. அடுத்த மாதமே, விசா இல்லாதவரை ஏற்றிவரும் விமானங்களுக்கு ஆளுக்கு ஆயிரம் பவுண் தண்டம் என்ற சட்டமூலமும் வந்தது.

அந்த வருடம்தான் ஹாரிச் துறைமுகத்தில் 'ஏர்ல் வில்லியம்' என்ற பழைய படகில் அகதிகளைத் தடுத்து வைத்தார்கள். ஒக்ரோபர் பெரும்புயலில் கயிறு அறுந்து படகு தரைதட்டியது. அதற்குள் இருந்த ஒருவரை எனக்குத் தெரியும். அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். "தம்பி, எனக்கு விசா தந்தது புயல்தான்" என்று தொடங்கினாரென்றால் வீடே சிரிக்கும்.

இந்தக் கதையை நான் ஒருமுறை வேலையிடத்து நத்தார் விருந்தில் சொன்னேன். வெள்ளைக்காரர்களுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பயணத்துக்குக் காசும் கேட்டார்களா என்று ஒருவர் கேட்டார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. வீட்டுக்கு வரும் பஸ்ஸில்தான் நான் செய்தது விளங்கியது. அண்ணை கதையை அந்த இடத்தோடு முடிப்பதில்லை. படகு அசையத் தொடங்கியதும், தங்களைக் கொழும்புக்குத்தான் கொண்டுபோகிறார்கள் என்று நினைத்து ஒரு சின்னப் பெடியன் இருட்டுக்குள் கத்தினானாம். விடியும்வரை அவனைப் பிடித்துக்கொண்டு இருந்தாராம். எங்கள் வீடுகளில் அதையும் சொல்லித்தான் எழும்புவார். பகிடி கெட்டுவிடும் என்று அதை நான் வெட்டியிருந்தேன்.

வெட்டாமல் பகிடி இல்லை. முந்நூறு வருடங்களை ஒரு மாலைக்குள் அடக்கிய பீனும் வெட்டித்தான் இருப்பார். நாடகத்தைத் தடைசெய்யவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். வெட்டியது என்ன, யாருடையது என்று கேட்கிறேன், அவ்வளவுதான். எங்களிடமும் கேட்கவேண்டும். எண்பதுகளில் வந்தவர்கள் பத்து வருடம் பிந்தி வந்தவர்களின் ஆங்கிலத்தைச் சொல்லிச் சிரித்த வரவேற்பறைகளில் நானும் இருந்திருக்கிறேன். 2015இல் சிரியர்கள் வந்தபோது அதே வாய்கள் என்ன சொல்லின என்பதும் நினைவிருக்கிறது.

நாடகத்தைப் பற்றி அண்ணையிடம் சொன்னேன். தடுப்பு நிலையம், ஒத்திகை, மதுச்சாலைப் பெண் என்று எல்லாவற்றையும் நடித்தே காட்டினேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "தம்பி, அதிலை நடிச்ச ஆக்களிட்டை விசா இருந்ததோ?" என்றார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.