ஆலமரத்தடி மௌனம்



நம் கோயில்களில் தெற்கு நோக்கி, ஆலமரத்தடியில் அமர்ந்திருக்கும் தட்சிணாமூர்த்தி வாய் திறப்பதில்லை. சனகாதி முனிவர் நால்வருக்கும் சின்முத்திரையும் மௌனமுமே பாடம். அவரைக் கும்பிட்டுத் திரும்பும் நாம், ஆட்டிசம் உள்ள ஒருவர் பேசாமல் நின்றால், "முற்பிறவி வினை, பாவம்" என்று சொல்லிவிடுகிறோம். பக்கத்தில் நிற்கும் அம்மாவுக்கு அது காதில் விழாதா?

லண்டனில் 1974-இல் பிறந்த ஸ்டீபன் வில்ட்ஷயருக்கும் ஆட்டிசம். சிறு வயதில் பேசவில்லை, வரைந்தார். முதன்முதலில் சொன்ன சொல்லே 'பேப்பர்'. 2014-இல் சிங்கப்பூர் வந்தவர், ஹெலிகாப்டரில் கொஞ்ச நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு, நினைவிலிருந்தே நகரக் காட்சியை 4 மீட்டர் நீளத்துக்கு 5 நாளில் வரைந்தார்.

அதிசயம்னு வாயைப் பிளக்குறோம், சரி. ஆனா அவர் ஓவியக் கல்லூரியில் முறையாகப் படித்தவர். 2006-இல் லண்டனில் சொந்த ஓவியக்கூடம் திறந்தார். வரைந்து, விற்றுப் பிழைக்கிற தொழில் அது. ஆட்டிசம் உள்ள எல்லாருக்கும் அந்த நினைவாற்றல் வராது, எதிர்பார்க்கிறதும் நியாயமில்லை.

உங்கள் இயக்கத்தின் திருவிழா மலருக்கு இப்படிப்பட்ட ஒருவர் அட்டைப்படம் வரைந்தால், "சேவையா செஞ்சு கொடுப்பா" என்று கேட்காதீர்கள். மற்ற ஓவியருக்குக் கொடுக்கும் அதே பணத்தைக் கொடுங்கள். மேளச் சத்தம் தாங்காமல் காதைப் பொத்தினால் முறைக்காமல், அமைதியான ஒரு மூலைக்கு அழைத்துப் போங்கள். தட்சிணாமூர்த்தி சந்நிதிப் பக்கம் கூட்டம் குறைவாகத்தான் இருக்கும், வியாழக்கிழமை தவிர.