விதைக்கு விட்ட காய்

விளாத்திகுளத்துக்கு அருகே ஒரு கரிசல் கிராமத்தில் என் அத்தையின் வீடு இருந்தது. ஒரு பொங்கல் விடுமுறைக்கு அங்கே போயிருந்தேன். கொல்லை வேலியில் பீர்க்கங்கொடி படர்ந்து கிடந்தது. இருந்த காய்களிலெல்லாம் நீளமாக, வாட்டமின்றித் தொங்கிய ஒன்றின் காம்பில் பழைய சேலைக் கிழிசலைக் கட்டி வைத்திருந்தாள் அத்தை. அந்தத் துணிக்குப் பொருள் தெரியாமல் அதையே பறித்துக்கொண்டு போய் அடுக்களையில் வைத்தேன். கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கும் ஆசை!

அத்தை என்னை அடிக்கவில்லை. "நல்லதை நாம தின்னுட்டு நோஞ்சானை விதைக்கு விட்டா, வர்ற வருசம் நோஞ்சான்தாம்ல காய்க்கும்" என்று மட்டும் சொன்னாள். அன்று சாயங்காலமே அடுத்த தெருவுக்குப் போய், அங்கே ஒரு வீட்டில் முற்ற விட்டிருந்த நெற்றில் தனக்கும் நாலு விதை சொல்லி வைத்துவிட்டு வந்தாள்.

இத்தனை வருஷங்கள் கழித்தும் அந்தக் கிழிசல் துணி என்னை ஒரு கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறது. கையில் உள்ளவற்றில் சிறந்ததை இன்னும் பிறக்காத ஒரு பருவத்துக்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்று மனிதனை எது கட்டாயப்படுத்துகிறது? சுயநலம் என்று சுலபமாகப் பதில் சொல்லிவிடலாம். ஆனால் லெனின்கிராடு நகரம் 1941 முதல் 1944 வரை முற்றுகையில் பட்டினி கிடந்தபோது, அங்கிருந்த விதைச் சேகரத்தைக் காத்தவர்களில் சிலர் அதைத் தின்னாமலே பசியால் இறந்தார்கள். அவர்களுக்கு என்ன சுயநலம்?

இதைக் கேட்டதும், பழைய விதையைக் காப்பது புண்ணியம், கடை விதையை வாங்குவது பாவம் என்று தீர்ப்பெழுதிவிடத் தோன்றும். அவசரப்படக் கூடாது. வீரிய ஒட்டு விதையிலிருந்து எடுத்த விதை, மறு பருவத்தில் தாயைப்போலவே வருவதில்லை. ஆகவே ஒவ்வொரு முறையும் காசு கொடுத்து வாங்க வேண்டும். அது உண்மைதான். ஆனால் வடகிழக்குப் பருவமழை ஒன்றையே நம்பி, கடனோடு மல்லுக்கட்டும் சம்சாரி, கூடுதல் மகசூலை நாடினால் அவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை.

கோவில்பட்டியில் 1901 முதல் வேளாண்மை ஆராய்ச்சிப் பண்ணை ஒன்று நடந்து வருகிறது. கரிசல் காட்டுக்கு ஏற்ற பருத்தியையும் மிளகாயையும் தேர்ந்தெடுத்துக் கொடுத்த இடம். 1963-இல் அங்கே வேலைக்குச் சேர்ந்த கோ. நம்மாழ்வார், மானாவாரி ஏழைக்குச் செலவு மிகுந்த உரமும் மருந்தும் உதவாது என்று கண்டு, 1969-இல் வேலையை விட்டு வெளியேறினார். 2013-இல் மறையும் வரை இயற்கை வேளாண்மைக்காகவும் நாட்டு விதைகளுக்காகவும் ஊர் ஊராக நடந்தார்.

பண்ணை பெரிதா, அதை விட்டுப் போனவர் பெரியவரா என்று பட்டிமன்றம் வைக்கலாம். எனக்கென்னவோ இரண்டுக்கும் அடியில் மூன்றாவதாக ஒருவர் நிற்பதாகத் தோன்றுகிறது. அந்தப் பண்ணை தந்த கே-2 மிளகாயின் பெற்றோரில் ஒன்று சாத்தூர் சம்பா. அதை யாரோ ஒரு பெயர் தெரியாத சம்சாரி வீட்டம்மாள், நல்ல செடியின் பழமாகப் பார்த்துத் தனியே காயவைத்து, தலைமுறை தலைமுறையாக எடுத்து வைத்திராவிட்டால், விஞ்ஞானி எதை எதனோடு சேர்த்திருப்பார்?

இன்னொரு வேடிக்கை: மிளகாயே நம்முடையதல்ல. அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து, போர்ச்சுக்கீசியர் வழியாகச் சுமார் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் வந்தது. விருந்தாளியாக வந்த செடியைக் கரிசல் மண்ணுக்கும் வெயிலுக்கும் பழக்கி, சம்பா என்று பெயரும் வைத்து, வீட்டுப் பிள்ளையாக்கிக்கொண்டார்கள். ஆக, பாரம்பரியம் என்பது பிறப்புரிமை அல்ல. விடாமல் வளர்த்த உரிமை.

அந்த வளர்ப்பும் ஒற்றை வீட்டால் ஆகிற காரியமில்லை. தேனீ ஒரு பூவிலிருந்து இன்னொரு பூவுக்குப் போகும்போது யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. பக்கத்துக் கொல்லையின் மகரந்தம் இங்கே வந்து கலந்துவிடும். ஒரே ஒரு செடியிலிருந்து விதை எடுத்து வந்தால் வீரியம் குன்றவும் கூடும். பல செடிகள் வேண்டும். பல வீடுகள் வேண்டும். ஒருத்தி கொல்லையில் அழிந்தது இன்னொருத்தி பரணில் இருக்க வேண்டும். அத்தை அன்று அடுத்த தெருவுக்குப் போனாளே, அந்த நடைதான் விதையைக் காத்தது. 2001-ஆம் வருஷத்துச் சட்டம், விதையைச் சேமிக்கவும் பரிமாறிக்கொள்ளவும் விவசாயிக்கு உரிமை தந்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் அடுத்த தெருவில் கொடுக்க ஆள் இருந்தால்தானே உரிமைக்குப் பொருள்?

அடுத்த தெரு என்று யாரைச் சொல்கிறேன்? உங்களையும் என்னையும்தான். நாட்டுக் கத்தரிக்காயைப் பற்றி உருக்கமாகப் பேசிவிட்டு, சந்தையில் ஒரே அளவாக, பளபளவென்று இருக்கிற காயைத் தேடிப் பொறுக்குகிறோம். ரகம் ரகமாக இருப்பதைத் தள்ளிவிட்டு விலையும் குறைக்கச் சொல்கிறோம். விதை காக்கும் பாரத்தை ஒரு கிழவியின் தலையில் ஏற்றிவிட்டு, அவளைப் புகழ்வதோடு நம் கடமை முடிந்ததென்று நினைக்கிறோம். புகழ்ச்சியை உலையில் போட்டால் சோறாகாது.

போன வாரம் சந்தையில், சாக்கு விரித்து உட்கார்ந்திருந்த ஒரு அம்மாளிடம் கோணலும் வரியுமாகக் கத்தரிக்காய் இருந்தது. கிலோவுக்குப் பத்து ரூபாய் அதிகம் சொன்னாள். பழக்கதோஷத்தால் பேரம் பேச வாயெடுத்தேன். சட்டென்று அந்தச் சேலைக் கிழிசல் நினைவுக்கு வந்தது. கேட்ட விலையைக் கொடுத்து வாங்கிக்கொண்டேன். அத்தையிடம் பட்ட கடனில் அதற்குள் எவ்வளவு அடைந்திருக்கும் என்று நான் கணக்குப் பார்க்கவில்லை.